மூன்றாவது சரணத்தில் ஏறும் சுருதி

நடந்தது இது, நடந்த வரிசையிலேயே:

1. புதுச்சேரி டவுனில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்திடமிருந்து பழைய டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கினேன்.

2. அதற்குப் போர்வை போர்த்தி, கயிறு கட்டி, அப்பாவின் லோடு வண்டியில் தவளக்குப்பம் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தோம். ஜங்ஷனில் டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் தோளிலிருந்த துண்டை இறக்கிவிட்டு, "யாருப்பா, எந்த வூட்ல?" என்று தணிந்த குரலில் கேட்டார். சாவு வீட்டுக்குப் போகும் ஐஸ் பெட்டி என்று நினைத்துவிட்டார்.

3. டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டு நானாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வீட்டில் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தேன்.

4. எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கீபோர்டு அவருடையது. அதுவும் ஓசூருக்குப் போய்விட்டது.

5. திருவிழா நெருங்கியது.

6. "எம் பொண்ணு வாசிப்பா ஃபாதர்" என்று அம்மா சாமியாரிடம் சொன்னாள்.

7. அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

கோயில் என்றால் எங்கள் ஊர் மாதா கோயில். வில்லியனூர் மாதா கோயில் அளவுக்குப் பெரியதல்ல. அபிஷேகப்பாக்கத்து வயல்களைத் தாண்டி வந்தால் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும். திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் ஒன்பது மாலை நவநாள் பூசை நடக்கும். ஒவ்வொரு மாலையும் ஒரு தெருவின் பொறுப்பு. அன்றைக்கு வாசகம் வாசிப்பதும் காணிக்கை கொண்டுபோவதும் பாட்டுப் பாடுவதும் அந்தத் தெருக்காரர்கள்தான். எந்தத் தெரு நன்றாகப் பாடியது என்று யாரும் போட்டி வைப்பதில்லை. ஆனாலும் மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் முடிவு அறிவிக்கப்பட்டுவிடும்.

எங்கள் தெருவுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது அம்மா. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். முதல் வரியை அம்மா தனியாகப் பாடுவாள். இரண்டாவது வரியில் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். கீபோர்டு அண்ணன் எந்த இடத்தில் சேர முடிகிறதோ அந்த இடத்தில் சேருவார். அம்மாவுக்குத் தாழ்ந்த குரல். போனில் இன்சூரன்ஸ் விற்கக் கூப்பிடும் பெண்கள் எல்லோரும் அவளை "சார்" என்றுதான் அழைப்பார்கள். வாரம் முழுக்க வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். தையல் மெஷின் ஓடும்போது பாடிக்கொண்டேதான் இருப்பாள். மெஷின் நின்றால் பாட்டும் நின்றுவிடும், நூலை அறுக்கப் பல் வேண்டுமே.

கீபோர்டு ஓசூருக்குப் போனதும், மைக்செட் போடுகிறவன் ஒரு யோசனை சொன்னான். அவன் என்னோடு பள்ளியில் படித்தவன்.

"கீபோர்டு இல்லன்னா இன்னா இப்போ? எல்லாப் பாட்டுக்கும் ட்ராக் இருக்குது. பென் டிரைவ்ல போட்டுவுட்டா ஓடும். மத்த தெருவுக்கெல்லாம் அதான் போடப்போறோம்."

ட்ராக் என்பது பாடகர் குரல் இல்லாமல் பின்னணி இசையை மட்டும் பதிந்து வைத்திருப்பது. அதன் சுருதி எங்கோ ஒரு ஸ்டூடியோவில் உச்சத்தில் பாடும் ஒரு பெண்ணுக்காக வைத்தது. அம்மாவால் அங்கே ஏற முடியாது. ஒரு மாலைதானே, ட்ராக் போட்டுவிடலாம் என்றார் ஃபாதர். அப்போதுதான் அம்மாவின் வாயிலிருந்து ஆறாவது விஷயம் வந்தது.

என்னிடம் சொன்னபோது அவள் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ட்ராக் போட்டா நான் எதுக்குடி? தொட்டியில வுட்ட மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு நிக்கவா?"

"அம்மா, நான் இன்னும் கத்துக்கினுதான் இருக்கேன்."

"தெனம் தட்டறியே."

"தட்டறது வேற, வாசிக்கிறது வேற."

"அது தெரியுது. தட்டறதுதான் எங்களுக்குக் கேக்குது. வாசிக்கிறத நீ ஒருத்தியே வெச்சிக்கினு இருக்குற."

அது உண்மைதான். டிஜிட்டல் பியானோவை ஹெட்போன் மாட்டி வாசித்தால் வெளியே இருப்பவர்களுக்குக் கேட்பது விசைகள் அடிபடும் தட்தட் ஓசை மட்டுமே. நான் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து செய்கிறவள். மென்பொருளைச் சோதித்து, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புவது என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பியானோவையும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்றே எண்ணியிருந்தார்கள். "பாவம், பொண்ணுக்கு மதியானம் சாப்புடற நேரத்துலகூட வேலை" என்று அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறார்கள்.

செயலி மூலம் பியானோ கற்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மிக நல்ல ஆசிரியர், ஒரே ஒரு குறையைத் தவிர. குறை, அதன் பொறுமை. திரையில் அடுத்த சுரம் வந்து நிற்கும். சரியான விசையை நான் தொடும் வரை அது நகராது. நடுவில் எழுந்துபோய் மாடியில் துணி எடுத்துவிட்டு வந்தாலும் அந்தச் சுரம் அங்கேயே நிற்கும். தவறாகத் தொட்டால் சிவப்பு, சரியாகத் தொட்டால் பச்சை. பச்சைகள் சேரச் சேர நட்சத்திரம் தரும். நான் நட்சத்திரங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். மனிதர்கள் யாரும் எனக்காக அப்படி நிற்கமாட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

அம்மா என்னை நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் எதையாவது செய்துகொண்டே இருப்பேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி வேலை போக, யாரும் கேட்காத வேலைகள் சில எப்போதும் கையில் இருக்கும். மாடித் தொட்டி நிரம்பினால் போனில் சொல்லும் கருவி ஒன்று செய்தேன், வேலை செய்கிறது. மழை தூறினால் கொடியில் துணி கிடப்பதை நினைவூட்டும் கருவி செய்தேன், பனிக்கும் நினைவூட்டுகிறது. வில்லியனூர் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டேன். பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாதபோது நான் என்ன செய்ய? இந்த வேலைகளின் இன்பமே அவற்றை யாரும் கேட்கவில்லை என்பதுதான். பாதியில் விட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அம்மா கேட்டுவிட்டாள். இப்போது இது அந்த வகையில் சேராது.

முதல் ஒத்திகை சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அம்மாவோடு பாடும் பெண்கள் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை அல்ல, ஆனால் சொந்த அத்தைக்குரிய எல்லா உரிமைகளும் அவருக்கு உண்டு. ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்தவர், நீலக் கோட்டைக் கழற்றவில்லை. நடு வீட்டில் பியானோவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதாடி அது? நான் இன்னாமோ டைப்படிக்கிறன்னு நெனச்சேன். எங்க, ஒண்ணு வாசி பாப்போம்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, செயலி சொல்லிக் கொடுத்த ஒரு சின்ன மெட்டை வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்குது. ஐஸ்கிரீம் வண்டி மாதிரி."

பிறகு வருகைப் பாட்டு, பூசை தொடங்கும்போது பாடுவது. நான் முன்னிசை ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். நான்கு தாளச் சுற்று. அது முடிந்ததும் அம்மா தொடங்க வேண்டும். நான் முதல் சுற்றில் இருக்கும்போதே அம்மா தொடங்கிவிட்டாள், அதுவும் நான் வாசித்துக்கொண்டிருந்த சுருதியில் அல்ல.

"அம்மா, முன்னிசை முடியட்டும்."

"நீ வாசிச்சிக்கினு இரு. நான் பாட்டுக்குப் பாடறேன், நீ வந்து சேந்துக்கோ. அந்தத் தம்பி அப்பிடித்தான் சேந்துக்கும்."

இதுதான் அவர்களின் முறை. பாட்டு அம்மாவின் தொண்டையில் அன்றைக்கு எங்கே அமர்ந்திருக்கிறதோ அங்கிருந்து கிளம்பும். கருவிதான் தேடிக்கொண்டு வரவேண்டும். அந்த அண்ணனுக்குக் காது இருந்தது. ஒரு சொல் கேட்டால் போதும், கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை இத்தனை முறை என்று அழுத்திவிடுவார். பொத்தானை அழுத்தினால் விசைகள் அப்படியே இருக்க, முழுக் கருவியும் அரைச் சுரம் மேலே போகும், அல்லது கீழே இறங்கும். வாசிக்கிறவர் தெரிந்த விசைகளிலேயே வாசிக்கலாம். என் பியானோவிலும் அந்தப் பொத்தான் இருந்தது. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று சொல்லும் காதுதான் இல்லை.

காது இல்லை என்றால் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. என் மனம் அப்படித்தான் போகும்.

ஒவ்வொரு பாட்டும் எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று முதலில் குறித்துக்கொண்டேன். போன் மைக்கில் அம்மாவின் முதல் இரண்டு சொற்களைக் கேட்டு, பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று திரையில் பெரிய எண்ணாகக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினேன். சமையலறையில் வைத்துச் சோதித்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடினாள். எண் வந்தது. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தி வாசித்தேன். பொருந்தியது. அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அதே நேரம் குக்கர் விசிலடித்தது. அதற்கும் ஓர் எண் வந்தது.

அப்பா ஆர்வமாகிவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மிக்ஸிக்கு என்ன சுருதி, மோட்டாருக்கு என்ன சுருதி, தன் தும்மலுக்கு என்ன சுருதி என்று பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸியும் அம்மாவும் ஒரே சுருதி என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அதை அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஒத்திகை கோயிலில். பியானோ மீண்டும் லோடு வண்டியில் ஏறியது. பலிபீடத்துக்கு இடப்பக்கம் பாடகர்கள் நிற்கும் மூலை. அங்கே அதை வைத்தோம். மைக்செட்காரன் பியானோவின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தன் ஆம்ப்ளிஃபையரில் செருகினான்.

"இன்னா மேடம், கம்பெனி வேலைய கோயிலுக்கே எடுத்துனு வந்துட்ட?"

"நீ ஒயர ஒழுங்கா சொருவு."

"ட்ராக்கும் ரெடியா வெச்சிருக்கேன். சும்மா, பாதுகாப்புக்கு."

கோயிலில் எதிரொலி அதிகம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் வேறு. நான் எப்போதும் போல ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒரு காதை மட்டும் திறந்து வைத்தேன், அம்மா கேட்க வேண்டுமே. அம்மா தொடங்கினாள். போன் எண்ணைக் காட்டியது. அழுத்தினேன். இரண்டாவது வரியில் எல்லோரும் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். பல்லவி அருமையாகப் போனது. முதல் சரணமும் அப்படியே. இரண்டாவது சரணத்தின் முடிவில் ஏதோ நெருடியது. மூன்றாவது சரணத்தில் நான் ஓரிடத்திலும் அவர்கள் வேறிடத்திலும் இருந்தோம். பெண்கள் எல்லோரும் சேர்ந்தே அரைச் சுரம் மேலே ஏறிப்போயிருந்தார்கள். போன் திரையில் எண் மாறியிருந்தது. நான் நடுவிலேயே பொத்தானை ஒருமுறை அழுத்தினேன்.

முழு இசையும் திடுக்கென்று ஒரு படி ஏறியது. அத்தை பாடுவதை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அய்யய்ய, எங்க கம்பெனி வேன் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுன மாதிரி இருக்குது."

மறுபடி பாடினோம். மறுபடியும் மூன்றாவது சரணத்தில் ஏறினார்கள். வேறு பாட்டு எடுத்தோம். அதிலும் அதே இடத்தில்.

அந்த வாரம் நான் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒத்திகையைப் பதிவு செய்திருந்தேன். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, சுருதி எங்கே ஏறத் தொடங்குகிறது என்று கோடு வரைந்தேன். அழகான கோடு, வயல் வரப்பு மாதிரி மெல்ல மேடேறிப் போயிற்று. பாடுகிறவர்கள் ஏறும்போது பியானோவும் தானாக, திடுக்கிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி நிரலை மாற்றி எழுதத் தொடங்கினேன். பதிவில் எல்லோருக்கும் மேலே கேட்டது அத்தையின் குரல். ஏற்றத்தைத் தொடங்கி வைப்பவர் அவர்தான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டை அவரிடமே காட்டினேன்.

"அத்தை, இங்க பாருங்க. இந்த எடத்துலேர்ந்து நீங்க கொஞ்சம் மேல போறீங்க."

அவர் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா, ஆஸ்பத்திரில நெஞ்சுக்கு எடுப்பாங்களே, அதா?"

"இல்ல அத்தை, உங்க பாட்டு."

"எம் பாட்டா? நான் மட்டுமா பாடறேன்? உங்கம்மா பாடல? ஊரே பாடுது, எங் கோடு மட்டும் உனக்குத் தெரியுதா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். வேன் காலையில்தான் வரும். அப்போது சாயங்காலம்.

அம்மா அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்து தைத்தாள், பாடவில்லை. ரவிக்கையின் ஒரு கையை முடித்து இன்னொரு கையை எடுக்கும்போது சொன்னாள்.

"அவ வரலன்னா பாட்டுக்கு எடுப்பு இல்ல. ஃபாதர் இன்னிக்கின்னு பாத்து, வியாழக்கிழமை ஒருவாட்டி பாடிப் பாருங்க, செட்டாவலன்னா ட்ராக் போட்டுடலாம்னு சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்."

"நீ ஏன்மா சரின்ன?"

"பின்ன? கோயில்ல போயி சண்டையா போட முடியும்? ஒரு வருசம் பாடலன்னா கொறஞ்சா பூடப் போறேன்?"

சொன்ன விதத்திலேயே தெரிந்தது, குறைந்துபோவாள் என்று. சனிக்கிழமை ஒத்திகைக்காக அவள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். சொந்த வீட்டுக் கூடத்தில் நடக்கும் ஒத்திகைக்கு யார் அப்படிச் செய்வார்கள்?

அன்று இரவே எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கோடு காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லு, ஏறனது நான்தானா?"

"தெரியல அத்தை. சத்தமா கேட்டது உங்க கொரல். ஏறனது யாருன்னு எனக்கே தெரியல."

"அப்பிடிச் சொல்லு. காம்பக் கிள்ளிப் போடு, அப்பிடியே உருவாத."

வியாழக்கிழமை வந்தார். நீலக் கோட்டோடுதான்.

தானாக ஏறும் புதிய நிரலோடு முதல் பாட்டை எடுத்தோம். முன்பைவிட மோசமாகப் போயிற்று. அவர்கள் ஏற, பியானோவும் ஏற, மூன்றாவது சரணம் முடியும்போது அம்மாவே எட்ட முடியாத உயரத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். அம்மா பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஃபாதர் வாசலில் நின்றிருந்தார். நல்ல மனிதர். மைக்செட்காரனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மைக்செட்காரன் கையடக்க ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பாடகர்களின் காலடியில் வைத்தான். "இத வெச்சாதான் உங்களுக்கு ட்ராக் கேக்கும். பெரிய ஸ்பீக்கருங்க எல்லாம் ஜனங்கள பாத்து நிக்குது" என்று சொல்லிவிட்டு ட்ராக்கைப் போட்டான்.

நான் பியானோ முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா முதல் வரியைத் தொடங்கினாள். எட்டவில்லை. கீழே இறங்கிப் பாடினாள். அது இசைக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் சொன்னபடியே ஆகிவிட்டது. மற்றப் பெண்கள் எப்படியோ எட்டிப் பிடித்துப் பாடினார்கள். அத்தை கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். முதல் சரணம், இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம். பழக்க தோஷத்தில் போன் திரையைப் பார்த்தேன். எண் அசையவே இல்லை.

அவர்கள் ஏறவில்லை.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்று ஓரிடத்தில் உடைந்து இன்னோரிடத்தில் உடையாவிட்டால், இரண்டு இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போடுவேன். மனசுக்குள் போட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடினபோது, நான் தட்டுத்தடுமாறிச் சேர்ந்த பிறகு, கடைசிச் சரணம் வரை ஏறவில்லை. கோயிலில் என்னோடு பாடினால் ஏறுகிறார்கள். கோயிலிலேயே ட்ராக்கோடு பாடினால் ஏறவில்லை. அதே பெண்கள், அதே பாட்டு. வீட்டிலும் ட்ராக்கிலும் இருந்து, என்னிடம் மட்டும் இல்லாதது எது? அவன் காலடியில் வைத்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். பிறகு என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தேன்.

ஹெட்போனைச் செருகினால் பியானோவின் சொந்த ஸ்பீக்கர் அணைந்துவிடும். அது வாங்கிய அன்றே எனக்குத் தெரியும், அதற்காகத்தானே செருகினேன். பின்பக்க ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆக நான் வாசித்தது எனக்குக் கேட்டது, வெளியே புளியமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நின்ற அப்பாவுக்குக்கூடக் கேட்டது. என் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்த எதிரொலி கேட்டிருக்கலாம். அதை நம்பி யார் சுருதி பிடிப்பார்கள்? பிடிமானம் இல்லாமல் பாடி, உற்சாகத்தில் ஏறினார்கள். அத்தை மட்டுமல்ல, எல்லோருமே.

நான் ஹெட்போனைப் பிடுங்கி, ஒரு விசையைத் தொட்டேன். மூலை முழுக்க ஒலித்தது. பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"இது இன்னாடி, இப்பத்தான் சத்தம் வருது?" என்றார் அத்தை.

"அத்தை, இதுக்கு முன்னாடி நான் வாசிச்சது உங்களுக்குக் கேக்கலியா?"

"எங்க கேட்டுது? அங்க எங்கியோ தூரத்துல கேட்டுது. கோயில்ல அப்பிடித்தான் இருக்கும்போலன்னு வுட்டுட்டோம்."

"ஏன் அத்தை சொல்லல?"

"நீ படிச்ச பொண்ணு, காதுல வேற மாட்டிக்கினு இருந்த. தட்டிக்கினு இருந்த. ஏதோ செய்யிறன்னு நெனச்சோம்."

அம்மா தண்ணீர் பாட்டிலை மூடினாள். "ஃபாதர், ஒரே ஒருவாட்டி" என்றாள்.

ட்ராக்கை நிறுத்தினார்கள். அம்மா தொடங்கினாள், எண் வந்தது, அழுத்தினேன், சேர்ந்தேன். மூன்றாவது சரணம் வந்தபோது யாரும் மூச்சுக்கூட விடவில்லை என்று சொல்லலாம், பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதால் சொல்ல முடியவில்லை. சுருதி இருந்த இடத்தில் இருந்தது. பாட்டு முடிந்ததும் மைக்செட்காரன் தன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டான்.

"மேடத்துக்கு சம்பளம் குடுக்குற கம்பெனி பாவம்ப்பா."

நான் ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

எங்கள் தெருவின் மாலை வந்தது. கோயில் நிறைந்திருந்தது, வாசலில் சீரியல் விளக்குகள் கட்டியிருந்தார்கள். அம்மா தான் தைத்த புது ரவிக்கை போட்டிருந்தாள். மணி அடித்து ஃபாதர் உள்ளே வரத் தொடங்கியதும், அம்மா வழக்கம்போல யாரையும் கேட்காமல் தொடங்கினாள். பதற்றமோ என்னவோ, ஒத்திகையில் எடுத்த இடத்தைவிடத் தாழ்வாக எடுத்தாள். நான் பழக்கப்படுத்தி வைத்திருந்த எண் அது இல்லை. திரையைப் பார்த்தேன். ஒன்று குறைத்துக் காட்டியது. அதையே அழுத்திச் சேர்ந்தேன். இடது கையில் நீளமான சுரங்கள், வலது கையில் மெட்டு, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஓரிடத்தில் விரல் தவறி ஒரு வரியைக் கோட்டைவிட்டேன். யாரும் எனக்காக நிற்கவில்லை. அடுத்த வரியில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். செயலியில் அதற்கு நட்சத்திரம் கிடைத்திருக்காது.

அம்மாவின் குரல் கோயில் முழுக்கப் போயிற்று. தாழ்வாக எடுத்ததால் பின்வரிசை ஆண்களும் சேர்ந்து பாடினார்கள். மற்ற மாலைகளில் ட்ராக்கின் உயரத்துக்கு அவர்களால் ஏற முடியாமல் சும்மா நின்றிருந்தார்கள் போலும். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் அம்மாவிடம், "இன்னிக்கு ஆம்பளைங்க கொரலே கேட்டுச்சே, எனக்கே ஆச்சரியமா இருக்குது" என்றார். அம்மா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "என் சுருதி அவங்களுக்குத் தோதா இருக்குது ஃபாதர்" என்றாள். அப்பா பின்னாலிருந்து, "மிக்ஸி சுருதி" என்றார். அம்மா அவரை முறைத்த முறைப்பில் பியானோவை ஏற்ற அவர் தனியாகவே போய்விட்டார்.

மறுநாள் பால் வாங்கும் இடத்திலிருந்து அத்தை முடிவைக் கொண்டுவந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டாவது இடமாம். முதல் இடம் யாருக்கு என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

இப்போது நிலவரம் இது. பியானோ கோயிலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் தூக்கிக்கொண்டு போய்வர அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் மாலையில் அங்கே போய்ப் பழகுகிறேன், ஃபாதர் சாவி கொடுத்திருக்கிறார். அடுத்த திருவிழாவிலும் மற்றத் தெருக்காரர்கள் தங்கள் மாலைக்கு ட்ராக் போடுவார்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஞாயிறு காலைப் பூசைக்கு நான் வாசிக்கிறேன். பாட்டு எடுத்துக் கொடுப்பது அம்மாதான்.